கண் மறைக்கும் இழப்பு

முகத்தில் சோப்புப் போட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறோம். குனிந்து, கையால் துழாவித் தண்ணீரை அள்ளுகிறோம். அந்த ஐந்தாறு விநாடி, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண் சொல்வதில்லை. பெரும்பாலோர் நின்றபடியே கழுவி முடிக்கிறார்கள். சிலர் விழுகிறார்கள்.

1840களில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் திறந்திருக்கும்வரை நின்றார்கள். மூடச் சொன்னதும் தள்ளாடினார்கள். அவர்கள் காலில் வலு இருந்தது. சிபிலிஸ் கிருமி தண்டுவடத்தின் பின்புற நரம்புக் கற்றைகளை அரித்திருந்தது என்பது பிற்காலத்தில் தெளிவானது. பெனிசிலின் வந்தபின் அந்த நோய் அரிதாகிவிட்டது. ரோம்பர்க்கின் சோதனை மட்டும் இன்றும் நரம்பியல் மருத்துவர்களிடம் இருக்கிறது. பாதங்களைச் சேர்த்து நில், கண்ணை மூடு. கருவி வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காதின் சமநிலை உறுப்பு. தலையின் சுழற்சியையும் சாய்வையும் அது அளக்கிறது. மூன்றாவது தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றில் புதைந்திருக்கும் உணர்விகள். முழங்கால் எத்தனை மடங்கியிருக்கிறது, கணுக்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பார்க்காமலே அறிவது இவற்றால்தான். மருத்துவம் இதை புரோப்ரியோசெப்ஷன் என்கிறது. உடல்நிலை உணர்வு எனலாம். பாதத்தோலின் அழுத்த உணர்வும் இதோடு சேர்ந்து வேலை செய்கிறது.

மூன்றுக்கும் சம பங்கில்லை. வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவர் சுமார் 70 சதவீதம் கால் தரும் செய்தியையும், 20 சதவீதம் உட்காதையும், 10 சதவீதம் கண்ணையும் நம்புகிறார் என்பது சமநிலை ஆய்வாளர்கள் தரும் கணக்கு. மெத்தைமேல் ஏறி நின்றால் கணக்கு மாறும். கால் தரும் செய்தி குழம்பும்; கண்ணுக்கும் காதுக்கும் பங்கு கூடும். இருட்டில் கண்ணின் பங்கு பூஜ்யம். மூளை இதை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும். ஈடுகட்டுவதால், குறைந்தது தெரியாது.

முழுவதும் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மனிதரே சாட்சி. பிரிட்டனுக்குத் தெற்கே ஜெர்சி தீவில் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர் இயான் வாட்டர்மன். 1971இல், 19 வயதில், காய்ச்சல் கண்டது. அதைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் உடல்நிலை உணர்வும் போயின. தசையை இயக்கும் நரம்புகளுக்குச் சேதமில்லை. வலி தெரிந்தது. சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் கட்டிலில் படுத்திருந்தவருக்குத் தன் கை எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

அவர் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் கணக்கிட்டுச் செய்யக் கற்றுக்கொண்டார். நடக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. நரம்பியல் மருத்துவர் ஜோனதன் கோல் 1991இல் இதை நூலாக எழுதினார். வாட்டர்மன் நடப்பதைப் பார்ப்பவர்களுக்குக் குறை பெரிதாகத் தெரியாது. மின்சாரம் போனால், நின்ற இடத்தில் சரிந்துவிடுவார். அழிந்த நரம்புகள் திரும்பவில்லை. எந்தப் பயிற்சியும் அவற்றைத் திருப்பித் தந்திருக்காது. பயிற்சியால் ஆவது, எஞ்சியிருப்பதைக் கொண்டு நிற்கக் கற்பதுதான். எஞ்சியிருக்கும்போதே தொடங்குபவருக்குக் கையில் முதல் அதிகம்.

வாட்டர்மனுக்கு ஒரு காய்ச்சலில் போனதில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு முப்பது நாற்பது ஆண்டுகளில் மெல்லப் போகிறது. வயது ஏற ஏற, தசைக்குள் இருக்கும் உணர்விகளின் கூர்மை மங்குகிறது. நரம்பில் செய்தி ஓடும் வேகம் தணிகிறது. உட்காதின் மயிரணுக்கள் குறைகின்றன. அவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்றே கொள்ளலாம். அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில், 40 வயது கடந்தவர்களைக் கண்ணை மூடி நுரைமெத்தைமேல் நிற்கச் சொன்னார்கள். 35 சதவீதம் பேரால் நிற்க முடியவில்லை. அவர்களில் பலர் தலைசுற்றல் இருப்பதாகச் சொல்லவே இல்லை.

ரியோ டி ஜெனிரோவில் ஓர் உடற்பயிற்சி மருத்துவ மையம் இன்னும் எளிய சோதனை ஒன்றை வைத்தது. ஒற்றைக்காலில் 10 விநாடி. தூக்கிய பாதத்தின் முன்பகுதி, ஊன்றிய காலின் பின்புறம் தொட்டிருக்க வேண்டும். கைகள் பக்கவாட்டில், பார்வை நேரே. மூன்று வாய்ப்பு. கண்ணை மூட வேண்டியதில்லை. 2008 முதல் 2020 வரை 51 முதல் 75 வயதுக்கு உட்பட்ட 1,702 பேர் செய்தார்கள். எல்லோரும் நன்றாக நடக்கக்கூடியவர்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை.

வயதுவாரியாகப் பார்த்தால் ஓட்டம் தெரியும். 51 முதல் 55 வரை, முடியாதவர்கள் சுமார் 5 சதவீதம். அடுத்த ஐந்தாண்டில் 8. அதற்கடுத்து 18. 66 முதல் 70 வரை 37. எழுபதைக் கடந்தவர்களில் 54. ஐம்பத்தைந்துக்குப் பின் எழுபதுவரை, ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் ஏறத்தாழ இரட்டிப்பு.

சராசரியாக ஏழாண்டு அவர்களைக் கவனித்தார்கள். சோதனையில் தேறியவர்களில் 4.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தேறாதவர்களில் 17.5 சதவீதம். வயது, உடல் எடை, ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபின்னும், தேறாதவர்களுக்கு இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதலாக நின்றது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நிற்க முடியாமை, வேறு பல குறைகள் சேர்ந்து வெளியே தெரியும் இடம் என்றே கொள்ள வேண்டும். 2022இல் முடிவு வெளியானது.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை பார்க்கிறார்கள், கொழுப்பு பார்க்கிறார்கள், இதயத்துக்கு எக்கோ எடுக்கிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லும் இடம் அபூர்வம்.

முதியவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று கேட்டால், வழுக்கி விழுகிறார்கள் என்பதே வழக்கமான பதில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்தார்கள். 2007 முதல் 2010 வரை 130 பேரின் 227 வீழ்ச்சிகள் பதிவாயின. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்து வகை பிரித்தார்கள். வழுக்கியதால் விழுந்தவை 3 சதவீதம். தடுக்கியவை 21 சதவீதம். 41 சதவீதம் வீழ்ச்சிக்கு வெளிக்காரணமே இல்லை. உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போது கணக்குத் தவறியிருந்தது. திரும்பும்போது, எதையோ எட்டும்போது, உட்காரப் போகும்போது. சும்மா நின்றுகொண்டிருக்கையில் விழுந்தவை 13 சதவீதம்.

அங்கே தரை உலர்ந்திருந்தது, வெளிச்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குளியலறையில் ஈரமும் இருட்டும் சேர்ந்துகொள்கின்றன.

சுவீடனின் உமியோ நகரில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு இன்னும் சிறியது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு ஒருவர் கூட நடந்து போவார். போகும்போதே பேச்சுக் கொடுப்பார். 12 பேர், பதில் சொல்வதற்காக நடையை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடை தானாக ஓடுவதை நிறுத்தி, கவனம் கொடுத்துச் செய்யும் வேலையாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வாட்டர்மன் நடந்த நடையும் அந்த வகைதான்.

நின்ற நிலையிலிருந்து இடுப்பு தரையில் மோத சுமார் 0.7 விநாடி ஆகிறது. சமநிலை தவறியதும் காலின் தசைகள் தாமாக எதிர்வினை செய்யச் சுமார் 0.1 விநாடி. மிச்சமிருக்கும் நேரத்தில் ஓர் அடியை எட்டி வைக்க வேண்டும், அல்லது கையால் எதையாவது பற்ற வேண்டும். செய்தி தாமதமாக வந்தால் அந்த அடி தாமதமாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்செயல் காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. 80 சதவீதத்துக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. இறந்தவர்களில் அறுபதைக் கடந்தவர்கள் அதிகம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லை.

எலும்பு முறியாவிட்டாலும் கதை முடிவதில்லை. 1981இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டில் விழுந்த முதியவர்களைப் பின்தொடர்ந்தது. எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு விழுந்ததால் பெரிய காயம் ஏதுமில்லை. தரையிலிருந்து தாமாக எழ முடியாத அளவுக்கு உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

இந்தியாவுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 மதிப்பீட்டின்படி, நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. நீரிழிவு நீண்ட நரம்புகளை முதலில் தாக்கும். உடலில் மிக நீண்டவை பாதத்துக்குச் செல்பவை. எனவே கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறும். நீரிழிவு உள்ளோரில் பாதிப் பேர்வரை வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்த நரம்புச் சிதைவுக்கு ஆளாகிறார்கள். எரிச்சல், மதமதப்பு இருந்தால் மருத்துவரிடம் போவார்கள். பலருக்கு எதுவுமே தெரிவதில்லை. செருப்புக் கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதே சிலருக்கு முதல் செய்தி.

வைட்டமின் பி12 குறைபாடும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது: ரோம்பர்க்கின் நோயாளிகளுக்குச் சேதமான தண்டுவடத்தின் பின்புறக் கற்றைகள். இந்த வைட்டமின் இயற்கையாக மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. சைவ உணவுக்காரர்களுக்கு அபாயம் அதிகம். நீரிழிவுக்கு முதலில் எழுதித்தரும் மெட்ஃபார்மின் மாத்திரை, நெடுங்காலம் சாப்பிட்டால் பி12 அளவைக் குறைக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை அடிக்கடி காணும் பக்கவிளைவு என்று அறிவித்தது. ரத்தசோகை தெரியும் முன்பே நரம்பு கெட்டுவிடலாம். சீக்கிரம் கண்டால் ஊசியில் சரியாகும். தாமதமானால் முழுதும் சரியாகாது. சைவராகவும் நீரிழிவுக்காரராகவும் இருந்து, பத்தாண்டாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டு, இரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போகிற ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

கண்ணும் எப்போதும் துணை நிற்பதில்லை. அருகே பார்க்கவும் தூரத்தில் பார்க்கவும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுபவர்கள் கீழே பார்த்தால், படிக்கும் தூரத்துக்கான வில்லை வழியே படிக்கட்டைப் பார்க்கிறார்கள். விளிம்பு மங்குகிறது. இவ்வகைக் கண்ணாடி அணிந்த முதியவர்கள் விழும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 2002இல் சிட்னி ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இளையவர்களுக்கு இது வேறு வடிவில் வருகிறது. கணுக்கால் பிசகினால் மூட்டைப் பிணைக்கும் நார் கிழிகிறது. அதில் உள்ள நரம்பு முனைகளும் கிழிகின்றன என்று 1965இல் லண்டன் அறுவை மருத்துவர் ஃப்ரீமன் எழுதினார். வீக்கம் வடிந்தால் சுளுக்கு போய்விட்டது என்று கணக்கு முடிகிறது. கால் மட்டும் அவ்வப்போது காரணமின்றி மடங்குகிறது. நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டுக்காரர்களை ஓராண்டு கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு மீண்டும் பிசகியது. கூடுதலாக எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம்.

முழங்காலில் கணக்கு இன்னும் இறுக்கம். ஏ.சி.எல். எனப்படும் முன்குறுக்கு நார், குதித்துத் தரையில் கால் பட்டபின் சுமார் 40 மில்லிவிநாடியில் அறுந்துவிடுகிறது என்று ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2010இல் வீடியோ பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆபத்தை உணர்ந்து தசையை இறுக்க அந்த நேரம் போதாது. கால் தரையில் படும் முன்பே தசை இறுகியிருக்க வேண்டும். அதைப் பழக்கம்தான் செய்யும். இத்தாலியில் 600 கால்பந்து வீரர்களில் பாதிப் பேருக்கு நாளுக்கு 20 நிமிடம் தள்ளாடும் பலகைமேல் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று பருவங்களில் அவர்களில் 10 பேருக்கு நார் அறுந்தது. பயிற்சி இல்லாத பாதியில் 70 பேருக்கு. குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பின்வந்த ஆய்வுகளில் பலன் இதைவிடக் குறைவு, திசை மாறவில்லை. நார் அறுந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு பத்து, இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது.

"தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங் போகிறேன்" என்பது ஐம்பதைக் கடந்த பலரின் பதில். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. சமநிலைக்கு அது போதும் என்பதற்குச் சான்று இல்லை. லண்டனில், கை எலும்பு முறிந்து இரண்டாண்டு ஆகாத 165 பெண்களில் பாதிப் பேரை விறுவிறுப்பாக நடக்கச் சொன்னார்கள், மீதிப் பேருக்குக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். 1997இல் முடிவு வந்தது. நடந்தவர்களே அதிகம் விழுந்தார்கள்.

எது பலன் தருகிறது என்பதில் குழப்பமில்லை. காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு, அறுபதைக் கடந்த 23,407 பேர் பங்கேற்ற 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி வீழ்ச்சிகளை 23 சதவீதம் குறைத்தது. அந்தப் பலன் உறுதியாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சி உள்ள திட்டங்களில். வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், சமநிலைக்குக் கடுமையான சவால் தரும் பயிற்சிகளில் குறைவு 39 சதவீதம் என்று 2016 ஆய்வு ஒன்று கண்டது. அமெரிக்காவின் ஓரிகனில் எழுபதைக் கடந்த 670 பேரில், சீனத் தாய்ச்சி முறையை வாரம் இருமுறை ஆறு மாதம் பயின்றவர்கள், வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள்.

சவால் என்பதற்கு இங்கே அளவு உண்டு. ஊன்றும் இடம் குறுக வேண்டும்: பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒரு குதிகாலை மறு கால்விரலோடு ஒட்டி வைத்து நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது. உடலின் எடை இடம் மாற வேண்டும்: பக்கவாட்டில் அடி வைப்பது, திரும்புவது, எட்டி எடுப்பது. கைப்பிடி குறைய வேண்டும்: முதலில் ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு பக்கத்தில் சுவர் இருந்தாலே போதும் என்ற நிலை. சற்றும் தள்ளாடாமல் செய்ய முடிந்தால் அங்கே பயிற்சி நடக்கவில்லை. விழும் அளவுக்குத் தள்ளாடினால் அது ஆபத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டும் வகுப்புகள் இதில் சேர்த்தியில்லை. விருட்சாசனம் சேரும், கை சுவரைப் பிடித்துக்கொண்டே இருக்காதவரை.

நிறுத்தினால் பலன் மாதக்கணக்கில் தேய்ந்துவிடும்.

பாதம் மரத்துப்போனவர்கள் கண்ணை மூடித் தனியாகப் பழகக் கூடாது. ஏற்கெனவே ஓராண்டுக்குள் இருமுறை விழுந்தவர்கள் இயன்முறை மருத்துவரைப் பார்த்தபின் தொடங்குவதே சரி. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது விழும் அபாயத்தைக் கூட்டும்.

இதெல்லாம் தேவைப்படும் வயதில் இருப்போர் பெருகுகிறார்கள். தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 2011இல் 10.4 சதவீதம். 2036இல் 20.8 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு.

நீரிழிவு இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு தெரியாவிட்டால், பி12 அளவையும் கேளுங்கள்.